காற்றாடி சுற்றுகிறது, பேட்டரி ஏறவில்லை

வாசகர் கேள்வி, பட்டறை பதில்

பங்குனி, சித்திரையில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் எல்லாம் கிணற்று மோட்டார் எரிந்த கதைகள். ஆனி பிறந்ததும் கரண்ட் எடுக்கும் காற்றாடி பற்றிய கடிதங்கள் வந்துவிடும். இந்த முறை பாதிக்கு மேல் ஒரே புகார்: இறக்கை சுற்றுகிறது, பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. சரி, இந்த இதழை முழுக்கச் சின்னக் காற்றாடிக்கே கொடுத்துவிடலாம். உடுமலையில் நான் செய்வது மோட்டார் காயில் கட்டும் வேலை. ஆனாலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாசலிலேயே வீசும் ஊர் என்பதால், காற்றாடி வேலையும் பட்டறைக்குத் தானாக வந்து சேர்கிறது.

கேள்வி: அண்ணாச்சி, வள்ளியூருக்குத் தெற்கே எங்கள் தோட்டம். காற்றாடி 400 வாட், 12 வோல்ட். இறக்கை ஒவ்வொன்றும் இரண்டடி. மோட்டார் ரூம் விளக்குக்கும் மாட்டுக்கொட்டகை ஃபேனுக்கும் அதுதான் கரண்ட். போன ஆடியில் விசில் அடித்துக்கொண்டு சுற்றியது. இந்த வருடம் அம்மி பறக்கிற காற்றிலும் சீலிங் ஃபேனை ஒன்றாம் நம்பரில் வைத்த மாதிரி மெல்லச் சுற்றுகிறது. ஆம்ப் மீட்டர் முள் அசையவே இல்லை. பேட்டரி போய்விட்டது என்று கடையில் சொன்னார்கள். புதிதாக 150 ஏ.எச். டியூபுலர் வாங்கிப் போட்டும் அதே கதைதான். சித்திரையில் இடியோடு ஒரு மழை பெய்ததே, அதற்கப்புறம்தான் இப்படி என்கிறார்கள் வீட்டில்.
— ஒரு விவசாயி, வள்ளியூர்

பதில்: வீட்டில் சொல்வதுதான் சரி. பேட்டரி வாங்குவதற்கு முன்னால் அவர்கள் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமான தகவல் 'மெல்லச் சுற்றுகிறது' என்பது. பேட்டரி கெட்டுப்போய் சார்ஜை வாங்காமல் இருந்தாலும், வழியில் ஒயர் அறுந்திருந்தாலும், காற்றாடிக்குச் சுமை குறையும். சுமை குறைந்த காற்றாடி முன்னைவிட வேகமாகத்தான் ஓடும். நல்ல காற்றிலும் மெதுவாக ஓடுகிறது என்றால் எதுவோ அதைப் பிடித்து நிறுத்துகிறது என்று அர்த்தம். பேட்டரிக்கு அந்த வேலை தெரியாது.

பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் டையோடு, அதாவது கரண்டை ஒரே திசையில் மட்டும் போகவிடும் சின்னப் பாகம். காற்றாடிக்குள் காந்தம் சுற்றும்போது காயில்களில் வருவது மூன்று ஃபேஸ் ஏ.சி. அது மூன்று ஒயர்களாகக் கம்பத்தின் வழியே இறங்கி, கீழே பெட்டிக்குள் இருக்கும் பிரிட்ஜுக்கு வருகிறது. பிரிட்ஜுக்குள் ஆறு டையோடுகள், ஒரு ஒயருக்கு இரண்டு வீதம். அவைதான் ஏ.சி.யை டி.சி. ஆக்கி பேட்டரிக்கு அனுப்புகின்றன. பக்கத்தில் இடி விழுந்தால் அந்த அதிர்ச்சியில் ஆறில் ஒன்று ஷார்ட் ஆகிவிடும். அப்புறம் காயிலில் பிறக்கும் கரண்ட் பேட்டரிக்குப் போகாமல், அந்த டையோடு வழியே காயிலுக்கே திரும்பிச் சுற்றும். தன் கரண்டே தனக்கு பிரேக். டையோடு ஒன்றே ஒன்று போயிருந்தால் ஃப்யூஸும் போகாது, பேட்டரியும் அந்த வழியாகக் கீழே இறங்காது. அதனால்தான் வெளியே ஒன்றும் தெரியாமல் எல்லோரும் பேட்டரி மேல் பழி போடுகிறார்கள்.

சோதிப்பதற்குக் காற்று குறைந்த விடிகாலை நேரம் நல்லது. பேட்டரிப் பக்கத்து ஃப்யூஸை முதலில் கழற்றிவிடுங்கள். அப்புறம் கம்பத்தடிப் பெட்டியில் பிரிட்ஜுக்கு வரும் மூன்று ஒயரையும் கழற்றி, ஒன்றோடு ஒன்று படாமல் தனித்தனியே பிடித்துவையுங்கள். இப்போது அண்ணாந்து பாருங்கள். அதே இளங்காற்றுக்கு இறக்கை லேசாக, தடையில்லாமல் ஓட ஆரம்பித்தால் மேலே எதுவும் கெடவில்லை. கோளாறு உங்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில், அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஒயரைக் கழற்றிய பிறகும் மந்தமாகவே சுற்றினால் கம்பத்துக்குள் ஒயர்கள் முறுக்கி உரசி ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது காயில் எரிந்திருக்கும், அல்லது பேரிங் இறுகியிருக்கும். அப்போது கம்பத்தைச் சாய்த்துத்தான் ஆக வேண்டும். ஒயர் கழற்றியிருக்கும் நிலையில் பலத்த காற்று வீச விடாதீர்கள். சுமையே இல்லாமல் தலைதெறிக்க ஓடும். ஒயர் முனைகளில் கை வைத்தால் தூக்கியடிக்கிற அளவுக்கு வோல்ட்டும் வரும்.

இறக்கை ஓடுகிறபோதே மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து, மூன்று ஒயரில் இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒரு ஜோடி மட்டும் நன்றாகக் காட்டி மற்ற இரண்டும் படுத்துவிட்டால், அந்த நல்ல ஜோடியில் சேராத மூன்றாவது ஒயர் எங்கேயோ அறுந்திருக்கிறது.

பிறகு மூன்று ஒயரையும் சேர்த்து முறுக்கி இறக்கையை நிறுத்திவிட்டு, பிரிட்ஜுக்கு வாருங்கள். பிளஸ், மைனஸ் ஒயர்களையும் கழற்றுங்கள். மீட்டரை டையோடு குறியில் வைத்து, ஒவ்வொரு ஏ.சி. முனைக்கும் பிளஸுக்கும், பிறகு ஒவ்வொரு ஏ.சி. முனைக்கும் மைனஸுக்கும் வையுங்கள். ஒவ்வொன்றையும் மீட்டரின் சிவப்பு, கறுப்பு முனைகளை இடம் மாற்றி இரண்டு தடவை பார்க்க வேண்டும். நல்ல டையோடு ஒரு பக்கம் 0.4 முதல் 0.6 வரை காட்டும், மறுபக்கம் ஒன்றும் காட்டாது. இரண்டு பக்கமும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டிக் கீச்சென்று கத்தினால் அதுதான் குற்றவாளி. இரண்டு பக்கமும் ஒன்றுமே காட்டாவிட்டால் அது அறுந்த டையோடு. அப்படி இருந்தால் காற்றாடி நிற்காது, உறுமிக்கொண்டு குறைவாக சார்ஜ் ஏற்றும்.

ஒரு டையோடை மட்டும் மாற்ற முடியாது. பிரிட்ஜையே மாற்றுங்கள். உங்கள் அளவுக்கு 50 ஆம்ப், 1000 வோல்ட் த்ரீ ஃபேஸ் பிரிட்ஜ் போதும். அடியில் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பேஸ்ட் தடவி, அலுமினியத் தகட்டில் இறுக்கி உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆடியில் சூட்டிலேயே போய்விடும். கம்பத்தை பூமியோடு இணைக்கும் எர்த் கம்பியையும் பாருங்கள். துருப்பிடித்த கிளாம்பில் தொங்கிக்கொண்டிருந்தால் அது எர்த்தே இல்லை.

இன்னொன்று. கம்பத்திலிருந்து மோட்டார் ரூம் 40 மீட்டர், ஒயர் 2.5 ஸ்கொயர் எம்.எம். என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். கண்டிப்பாகப் போதாது. போக வர 80 மீட்டர் செம்புக்கு 0.6 ஓம் வருகிறது. 10 ஆம்ப் ஓடினால் ஒயரிலேயே 6 வோல்ட் போய்விடும். 12 வோல்ட் பேட்டரிக்கு 6 வோல்ட் வழியிலேயே செலவு! 10 ஸ்கொயர் எம்.எம். போட்டால் அது ஒன்றரை வோல்ட்டுக்குள் அடங்கும். விலை கூடுதல்தான், ஆனால் புது பேட்டரிக்குக் கொடுத்த பணத்தை இதில் போட்டிருந்தால் பலன் இருந்திருக்கும்.

பழைய பேட்டரியைத் தள்ளிவிடவில்லையே? சார்ஜரில் போட்டு முழுக்க ஏற்றி, கழற்றிச் சில மணி நேரம் சும்மா வையுங்கள். 12.6-க்கு மேல் நின்றால் நல்ல சேதி. அதில் 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்றை மூன்று நான்கு மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். எரியும்போதே 12-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அந்தப் பேட்டரி உயிரோடுதான் இருக்கிறது. புதியதோடு மட்டும் சேர்த்துக் கட்டாதீர்கள். பழையது புதியதையும் தன் நிலைக்கு இழுத்துவிடும். அதை விளக்குக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறோமுங்க. சோலார் பேனலுக்கு வாங்கிய சார்ஜ் கன்ட்ரோலர் சும்மா இருந்ததால் பையன் அதையே 400 வாட் காற்றாடிக்கும் போட்டுவிட்டான். நாலு நாள் நன்றாக வேலை செய்தது. ஐந்தாம் நாள் ராத்திரி பேட்டரி நிறைந்ததும் காற்றாடி கூச்சல் போட ஆரம்பித்தது. வெளியே ஓடி வந்து பார்ப்பதற்குள் கன்ட்ரோலரில் புகை. கன்ட்ரோலர் மட்டமானதா?
— ஒரு பண்ணையாளர், பல்லடம்

பதில்: கன்ட்ரோலர் மேல் தப்பு இல்லைங்க. அது தனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தது. சோலார் பேனலை எப்போது கழற்றினாலும் அது பேசாமல் வெயிலில் காயும். அதனால் பேட்டரி 14.4 வோல்ட்டைத் தொட்டதும் அந்த கன்ட்ரோலர் இணைப்பைத் துண்டிக்கிறது. காற்றாடிக்கு அது முடியாது. காற்று உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். பேட்டரியைத் துண்டித்தால் பிடிமானம் போய் வேகம் எடுக்கும், வேகத்தோடு வோல்ட்டும் ஏறும். 12 வோல்ட் காற்றாடி அப்போது எத்தனையோ மடங்கு வோல்ட்டை அனுப்பும். உங்கள் கன்ட்ரோலர் கருகியது அதில்தான். இறக்கை தப்பித்ததே பெரிது. வேறு ஒரு வகை சோலார் கன்ட்ரோலர் உண்டு, துண்டிக்காமல் பேனலை ஷார்ட் செய்யும். அதைப் போட்டால் ஓடுகிற காற்றாடி அடிக்கடி சடக்கென்று பிடிபட்டு இறக்கையின் வேர் விரிசல் விடும். இரண்டுமே வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது பேட்டரியை எப்போதும் காற்றாடியோடு இணைத்தே வைத்துக்கொண்டு, மிச்ச கரண்டை ஒரு ஹீட்டருக்குத் திருப்பிவிடும் கன்ட்ரோலர். டம்ப் லோடு என்று கேட்டால் தெரியும். அளவு எப்படி என்றால், 400 வாட்டை 14.4 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 28 ஆம்ப். அதை இழுக்க அரை ஓம் வேண்டும். 2 ஓம் ஒயர் சுற்றிய ரெசிஸ்டர் நாலை இணையாகக் கட்டினால் அரை ஓம் ஆகிவிடும். ஒவ்வொன்றும் 100 வாட் சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும் என்பதால் 200 வாட் ரெசிஸ்டராகப் பார்த்து வாங்குங்கள். பல்பைக் கட்டலாமா என்று பையன் கேட்பான். வேண்டாம். பல்பு ஃப்யூஸ் ஆகும் அந்த ராத்திரி சுமை இல்லாமல் போய்விடும்.

இந்த ரெசிஸ்டர்கள் தொட முடியாதபடி கொதிக்கும். தகரத்தின் மேல், சுவரிலிருந்து விலக்கி, கோழித் தீவனச் சாக்கு எட்டாத இடத்தில் மாட்டுங்கள். பேட்டரிக்கு மேலேயோ பக்கத்திலேயோ கூடவே கூடாது. நிறைந்த பேட்டரி ஹைட்ரஜன் விடும், ஒரு பொறி போதும். கோழிக்குஞ்சுக் கூண்டுக்கு அந்தச் சூடு உதவுமே என்று தோன்றினால், அதை நம்பிக் குஞ்சுகளை விடாதீர்கள். காற்றும் பேட்டரியும் ஒத்துழைக்கிறபோது மட்டும்தான் அந்தச் சூடு வரும்.

கேள்வி: சார், ஷார்ட் செய்தால் எந்த மின்சாதனமும் எரியும் என்று படிக்கிறோம். காற்றாடியை மட்டும் மூன்று ஒயரையும் ஷார்ட் செய்து நிறுத்தச் சொல்கிறார்களே, காயில் எரியாதா?
— பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்

பதில்: நல்ல கேள்வி தம்பி. இரண்டு பதில் இருக்கிறது, இரண்டும் உண்மை.

மெல்லச் சுற்றும்போது ஷார்ட் செய்தால் காயிலில் பிறக்கும் வோல்ட் குறைவு. அதனால் கரண்டும் காயில் தாங்குகிற அளவுதான். அந்தக் கரண்டு உண்டாக்கும் காந்தம் சுழற்சியை எதிர்க்கும். லென்ஸ் விதி என்று பாடத்தில் எழுதியிருப்பாய், அதைக் கையால் தொட்டுப் பார்க்கும் இடம் இது. கம்பத்தைச் சாய்த்து வைத்திருக்கிறபோது செய்து பார். மூன்று ஒயரும் தனித்தனியாக இருந்தால் இறக்கை விரலால் தள்ளினாலே ஓடும். இரண்டை மட்டும் சேர்த்தால் விட்டு விட்டு இடறும். மூன்றையும் சேர்த்தால் கெட்டியான எண்ணெயில் சுற்றுகிற கனம், இடறல் இல்லாமல் ஒரே சீராக இருக்கும். மீட்டரே இல்லாமல் காயில் நல்லதா என்று இதிலேயே தெரிந்துவிடும். இரண்டிரண்டாகச் சேர்க்கும்போது எந்த ஜோடியிலாவது இடறல் இல்லையென்றால் அந்த வழியில் அறுப்பு. ஒன்றையுமே சேர்க்காதபோது இடறினால் உள்ளேயே ஷார்ட்.

புயல் மாதிரிக் காற்றில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஷார்ட் செய்தால் வேறு கதை. அந்த வேகத்தில் காற்றின் பலம் பிரேக்கின் பலத்தை மிஞ்சிவிடலாம். காற்றாடி நிற்காமல், காயில் முழுக் கரண்டையும் தாங்கிக்கொண்டு சுற்றும். அப்போது எரியத்தான் செய்யும். அதனால் காற்று ஏறும் முன்னால் நிறுத்த வேண்டும். ஏறிவிட்டால் இரண்டு வீச்சுகளுக்கு நடுவே இறக்கை தளரும் நொடியில் சுவிட்சைப் போட வேண்டும். சுவிட்ச் பிரிட்ஜுக்கு முன்னால், ஏ.சி. பக்கம் இருக்கட்டும். பேட்டரிப் பக்கம் ஷார்ட் செய்தால் காற்றாடிக்கு பதில் பேட்டரிதான் வெடிக்கும்.

கேட்டதற்கு அப்பால் ஒன்று. காற்றில் பேட்டரி ஏற்றுவது புதுசு என்று நினைக்காதே. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ் என்பவர் 1888-லேயே வீட்டுத் தோட்டத்தில் 17 மீட்டர் விட்டத்தில், 144 மர இறக்கைகளோடு ஒரு காற்றாடி நிறுத்தினார். 12 கிலோவாட். வீட்டின் நிலவறையில் வரிசையாக பேட்டரி வைத்து, சுமார் 20 வருடம் அதில் சார்ஜ் ஏற்றினார். அத்தனை பெரிய சக்கரத்துக்கு 12 கிலோவாட் மிகக் குறைவு. அதிக இறக்கை இருந்தால் முறுக்கு விசை கூடும், வேகம் குறையும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் முப்பந்தலில் நிற்கும் பெரிய காற்றாலைகளுக்கு ஏன் மூன்றே இறக்கை என்று யோசித்துப் பார்.

கேள்வி: ஐயா, பாம்பனில் கடலோரம் வீடு. காற்றாடி சுற்றும்போது கரகரவென்று உரசல் சத்தம். மழைக்கு முன்னால் லேசாக இருந்தது, இப்போது தூங்க முடியவில்லை. பேரிங்கில் கிரீஸ் வைத்தும் போகவில்லை.
— ஒரு மீனவர், பாம்பன்

பதில்: உடனே நிறுத்துங்கள் ஐயா, இன்றைக்கே. இது பேரிங் சத்தம் இல்லை என்றே படுகிறது. தட்டை வகைக் காற்றாடிகளில் நியோடிமியம் காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் விடுவார்கள். அந்தக் காந்தத்தின் மேல் மினுங்குகிற நிக்கல் முலாமில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் போதும், உப்புக்காற்று உள்ளே போய்க் காந்தம் துருவேறி உப்பும். உப்பிய காந்தம் காயிலைச் சுரண்டும். சுரண்டிய இடத்தில் செம்பு தெரிந்துவிட்டால் அப்புறம் காயிலும் போய்விடும்.

இறக்கிப் பிரித்துப் பாருங்கள். உப்பிய காந்தத்தை அரம் வைத்துத் தேய்த்துச் சமன் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தத் தூள் தீப்பிடிக்கும், தேய்த்த இடம் இன்னும் வேகமாகத் துருவேறும். உப்பியதை எடுத்துவிட்டு அதே அளவில், அதே வடக்கு தெற்கு பார்த்துப் புதியது வையுங்கள். எல்லாக் காந்தத்தையும் ரெசின் ஊற்றி மூடிவிடுங்கள். படகு ஃபைபர் வேலைக்கு ரெசின் கலக்குகிறவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், உங்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. கூட்டின் அடிப்பக்கம் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்க வேண்டும். மேலே தேவையில்லாத எந்தத் துளையும் கூடாது. பேரிங் இரண்டு பக்கமும் ரப்பர் மூடியதாக இருக்கட்டும். ஒயர் முனைகளில் ஈயம் பூசிய லக் (ஒயரைப் போல்ட்டில் மாட்டும் உலோக முனை) போட்டு வாஸ்லின் தடவுங்கள். பச்சை பூத்த முனை எல்லாம் கரண்டைத் தின்னும்.

பாம்பன் பாலத்தில் காற்று வேகம் கூடினால் ரயிலை நிறுத்திவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அன்றைக்கெல்லாம் உங்கள் காற்றாடியும் ஷார்ட் சுவிட்சில் நிற்கட்டும்.

கேள்வி: சார், ஆண்டிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். வைகாசி முதல் ஆவணி வரை காற்றாடியும் பேட்டரியும் அருமை. கார்த்திகையில் பேட்டரி செத்துவிடுகிறது. இரண்டு வருடமும் இப்படியே. இத்தனைக்கும் நாங்கள் ராத்திரி இரண்டு எல்.இ.டி. பல்புதான் போடுகிறோம். பேட்டரி கம்பெனியை மாற்றலாமா?
— ஓர் ஆசிரியை, தேனி மாவட்டம்

பதில்: டீச்சர், கம்பெனியை மாற்ற வேண்டாம். உங்கள் பேட்டரியைக் கொல்வது இன்வெர்ட்டரும் ஐப்பசிக் காற்றும் சேர்ந்து.

தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கணவாய்கள் வழியே பாயும் மாதங்கள் உங்களுக்குப் பொற்காலம். புரட்டாசி பிறந்ததும் காற்று படுத்துவிடும். அப்போது உங்கள் காற்றாடி நாள் முழுக்க சராசரியாக 10 வாட் தந்தால் அதிகம். நாளைக்கு 240 வாட்-மணி. இரண்டு எல்.இ.டி. பல்புக்கு அது தாராளம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பல்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும் இன்வெர்ட்டர் ஆன் நிலையில் இருப்பதற்கே 10 முதல் 20 வாட் தின்னும். 12 வாட் என்றே வையுங்கள், 24 மணி நேரத்துக்கு 288. காற்று கொடுப்பதைவிட அதிகம்! பல்பையே போடாவிட்டாலும் பேட்டரி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்யும். காற்று மாதங்களில் இந்தச் செலவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

இறங்கிய பேட்டரி வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் கெட்டிப்பட்டுப் படியும். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் கொள்ளாது. நீங்கள் 'செத்துவிட்டது' என்று சொல்வது அதைத்தான். இரண்டு வருடமும் உங்களைப் புது பேட்டரி வாங்க வைத்தது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தக் கடைக்காரராவது கேட்டிருக்கலாம்.

பல்புகளை 12 வோல்ட் டி.சி. எல்.இ.டி.யாக மாற்றி நேரே பேட்டரியிலிருந்து, ஃப்யூஸ் வைத்து எடுங்கள். இன்வெர்ட்டரைத் தேவைப்படும்போது மட்டும் போடுங்கள். காற்று இல்லாத மாதங்களுக்கு 100 வாட் சோலார் பேனல் ஒன்று, அதற்கென்று தனி கன்ட்ரோலரோடு, அதே பேட்டரியில் இருக்கட்டும். அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் காலையில், சார்ஜும் ஏறாமல் விளக்கும் எரியாமல் இருக்கும் நேரத்தில், வோல்ட் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். 12.6-க்கு மேல் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-ஐத் தொட்டுவிட்டால் காற்றுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே வெளி சார்ஜரில் போடுங்கள். பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர், குறித்திருக்கும் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. போர் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம்.

கேள்வி: சென்னையில் நாலு மாடி அடுக்ககத்தின் மொட்டை மாடியில் இதே மாதிரி நாலடி விட்டக் காற்றாடி வைத்து இன்வெர்ட்டர் பேட்டரியை ஏற்றலாமா?
— ஒரு வாசகர், மேடவாக்கம்

பதில்: வேண்டாம் சார். காற்றின் சக்தி வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது (வேகம் × வேகம் × வேகம்), வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்கு. நீங்கள் சொல்லும் அளவு காற்றாடிக்கு விநாடிக்கு 8 மீட்டர் காற்று கிடைத்தால் 85 வாட் போலத் தரும். 4 மீட்டர் என்றால் 10 வாட். பெட்டியில் அச்சடித்திருக்கும் 400 வாட்டுக்கு விநாடிக்கு 12 மீட்டருக்கு மேல் வேண்டும். சுற்றிலும் கட்டடங்கள் நிற்கும் மாடியில் சாதாரண நாளில் வருவது சுழன்று அடிக்கும் குறைந்த காற்று. போதாததற்கு அதன் நடுக்கம் தூண் வழியே மேல்மாடிக்காரர் படுக்கை வரைக்கும் இறங்கும். அதே பணத்துக்கு 330 வாட் சோலார் பேனல் வைத்தால் வெயில் நாளில் ஒரு யூனிட்டுக்கு மேல் கிடைக்கும்.

கேள்வி: கம்பம் ஊரில், தென்னந்தோப்புக்கு நடுவே காற்றாடிக்கு 20 அடிக் கம்பம். காற்றாடியின் வால் ஒரு நிலையில் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கிறது. வாலைப் பெரிதாக்கினால் சரியாகுமா?
— ஒரு தென்னை விவசாயி, கம்பம்

பதில்: வால் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. காற்று திரும்பும் பக்கமெல்லாம் அது திரும்புகிறது. மட்டைகளுக்குள் புகுந்து வரும் காற்றுக்கு ஒரு திசையே இல்லை. வாலைப் பெரிதாக்கினால் இன்னும் வேகமாகத் திரும்பும். வேகமாகச் சுற்றுகிற இறக்கையை சடாரென்று திருப்பினால் இறக்கையின் வேரில்தான் அந்த பலம் எல்லாம் விழும். அதுவும் இல்லாமல், பலத்த காற்றில் காற்றாடியை ஓரம் திருப்பித் தப்பிக்க வைக்கும் வேலையும் பல காற்றாடிகளில் வாலைச் சேர்ந்தது. அதன் எடையை மாற்றினால் அந்தக் கணக்கும் கெட்டுவிடும்.

பொதுவாகச் சொல்லும் அளவு இதுதான்: சுற்றி 300 அடிக்குள் இருக்கும் மரம், கட்டடம் எதுவானாலும், அதன் உச்சியைவிடக் காற்றாடி 30 அடி உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் தென்னை 40 அடி என்றால் கம்பம் 70 அடி. அது பெரிய செலவு என்று தெரியும். தோப்புக்கு மேற்கே, காற்று வரும் பக்கம் வெட்ட வெளி இருந்தால் காற்றாடியை அங்கே கொண்டுபோங்கள். ஒயர் நீளம் கூடும், அதற்காக 24 வோல்ட்டுக்கு மாறுவதைப் பற்றி யோசியுங்கள். அதே வாட்டுக்குக் கரண்ட் பாதியாகும், ஒயரில் வீணாவது கால் பங்காகும்.

இடம் மாற்றுகிற அன்றைக்கு, கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளைப் பழையதே போதும் என்று மறுபடி மாட்டாதீர்கள். கிளாம்புக்குள் நசுங்கி இருந்த இடத்தைப் பிரித்து, விரலுக்கு உறை போட்டுக்கொண்டு தடவிப் பாருங்கள். ஒரே ஒரு இழை அறுந்து குத்தினாலும் அந்தக் கம்பியை மாற்றுங்கள். கம்பியை இறுக்கும் டர்ன்பக்கிளைத் திருகியபின் அதன் கண்ணில் ஒரு துண்டுக் கம்பியைக் கோத்து முறுக்கிவிடுங்கள், ஆட்டத்தில் தானாகக் கழன்று வராது.